ஞானப்பூவுக்கு எடுத்த வசனம்

எடுத்தாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேதமாணிக்கம் கோயில் படியிறங்கினார். வருடப்பிறப்பு ஆராதனை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. புதுத்துணி மொடமொடப்பு, மல்லிகைப்பூ, கைக்குக் கை மாறுகிற கேக் துண்டு. அவருடைய உள்ளங்கைக்குள் தீப்பெட்டி அகலத்தில் ஓர் அட்டை. இளநீலம், ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ, அச்சு கொஞ்சம் விலகியிருந்தது, சிவப்பு மை இதழைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார், நாற்பது வருஷம் உப்பளச் சங்கத்துக்கு நோட்டீஸ் அடித்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். வருஷா வருஷம் முதல் தேதி காலையில் ஐயர், அதாவது சபைப் பாதிரியார், ஒரு தட்டில் இந்த அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைப்பார். ஆளுக்கொன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. வாக்குத்தத்தம் என்பார்கள். அவர் மனைவி ஞானப்பூ கல்யாணமாகி வந்த நாற்பத்தாறு வருஷமும் ஒன்று விடாமல் எடுத்து, சோற்றுப்பசையால் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறாள், ஒன்றன்மேல் ஒன்றாக, மீன் செதிள் மாதிரி. இந்த வருஷம் அவளால் வர முடியவில்லை. மார்பில் கட்டி. மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. தலைமுடி போய், நாக்கு ருசி போய், நான்காவது தடவைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போதும் என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, குழம்பு போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் கெஞ்சினார், டாக்டரம்மா சொன்னாள், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரிலிருந்து போனில் அழுதார்கள். கடைசியில்தான் அவள், "சரி, நீங்க போயி எனக்காக வாக்குத்தத்தம் எடுத்துட்டு வாங்க. அதுல என்ன வருதோ பாத்துட்டுச் சொல்லுதேன், போகணுமா வேண்டாமான்னு" என்றாள். அவர் வந்தார். எடுத்தார். வந்திருப்பது இளைப்பாறுதல்.

இளைப்பாறுதல். எத்தனையோ இருக்க இது. களைத்தவர்களுக்கு ஓய்வு தருவதாக ஒரு வாக்கு, இரண்டே வரி. வேறு யாருக்காவது வந்திருந்தால், தபாலாபீசில் குனிந்து குனிந்து முத்திரை குத்துகிறவனுக்கு வந்திருந்தால், சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டிருப்பான். ஆனால் இந்த வார்த்தையை அவர் எங்கே பார்த்திருக்கிறார் என்றால் சுவரில். தூத்துக்குடியில் கிறிஸ்தவத் தெருக்களில் யார் செத்தாலும் மறுநாள் காலை ஒட்டுகிற போஸ்டரில். கறுப்புக் கட்டம், நடுவில் போட்டோ, அதற்குக் கீழே, இளைப்பாறுதலுக்குள் போனார். கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் இதே வார்த்தை. ஞானப்பூ இதை வாசித்தால் தயங்கவே மாட்டாள். பாத்தீகளா, அவரே சொல்லிட்டாரு என்பாள். கண்ணாடியைக் கழற்றி மடக்குவாள். அவ்வளவுதான், ஐந்து மாதம், டாக்டரம்மா விரலை மடக்கிக் காட்டியது அதுதான், மருந்து ஏற்றாவிட்டால் ஐந்து.

"என்னவே தோழரே, கடைசில நம்ம கட்சிக்கே வந்துட்டீரு போல!" வாசலில் எசேக்கியேல் வழியை மறித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது சபைக் கமிட்டியில் பெரிய ஆள். "உங்க கட்சிக்கு நீருதான் கிளைச் செயலாளர்னு முன்னமே தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்வே" என்றார் இவர். வாய் தானாகச் சொல்லிற்று. வாய் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது, மேடையில் மணிக்கணக்காகப் பேசிப் பழகிய வாய், உள்ளே வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் நின்று பதில் சொல்லும். எசேக்கியேல் சிரித்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி எப்படி இருக்கு? நாங்க செவ்வாக்கிழமை ஜெபக்கூட்டத்துல பேர் சொல்லித்தான் ஜெபிக்கோம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். இவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறார். உப்பளத்துக்காரனுக்கு உள்ளங்காலில் உப்பு அறுத்துப் புண் நாறுகிறது, உங்களுக்கு மணிக்கூண்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்று இந்தக் கேட்டுக்கு முன்னாலேயே பெட்டி மேல் ஏறி நின்று பேசியிருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரில் வேதத்தை வெட்டி எறிந்துவிட்டு வெறும் மாணிக்கம் என்று நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர். அந்த மனிதர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் அவர் பெண்டாட்டி பெயரைச் சொல்லி முழங்காலில் நிற்கிறார்கள். அவருடைய சங்கத்துக்காரர்களில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள்? இரண்டு பேர். சங்கம்தான் ஏது. மூன்றாக உடைந்து, ஒருவன் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறி, ஒருவன் தேர்தலில் நின்று, ஆபீஸ் இருந்த இடத்தில் இன்றைக்கு செல்போன் ரிப்பேர் கடை. வெற்றி வெற்றி என்று கத்திய தொண்டையில் இன்றைக்குச் சளி. அது கிடக்கட்டும்.

பஸ் ஸ்டாப்பில் கல்பெஞ்சு ஈரமாக இருந்தது. உட்கார்ந்தார். வாடைக்காற்று கடல் பக்கமிருந்து வந்தது, அதில் உப்பின் வாடை, கருவாட்டின் வாடை, யாரோ ராத்திரி வெடித்த வெடியின் வாடை. ரோடு முழுக்கக் கலர்ப்பொடியில் ஹேப்பி நியூ இயர் எழுதி, அதன் மேல் ஆட்டோக்கள் போய்ப்போய் எழுத்து அழிந்து ஊதாவும் மஞ்சளுமாக இழுபட்டுக் கிடந்தது. அட்டையை எடுத்து மறுபடி பார்த்தார். மாறவில்லை. மாறும் என்று எதிர்பார்த்தாயா மாணிக்கம், என்று கேட்டுக்கொண்டார். சிவகாசியில் ஏதோ அச்சகத்தில் ஒரு மெஷின் நூறு அட்டை நூறு அட்டையாக வெட்டித் தள்ளுகிறது, ஒரு பெண்பிள்ளை அதை அடுக்கி ரப்பர்பேண்டு போடுகிறாள், அதில் ஒன்று உன் விரலில் மாட்டியது, இதில் ஆண்டவர் எங்கே வந்தார். வரவில்லை, சரி. அப்படியானால் வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய். அவருக்கே வெட்கமாக இருந்தது. எழுபத்தொரு வயது. இல்லை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், ஒரு நீல அட்டைக்கு முன்னால் கைதியைப்போல் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்தது. ஏறவில்லை. கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தான்.

திரும்பிப் போனால் என்ன. தட்டு இன்னும் அங்கேதான் இருக்கும். இந்த நினைப்பு வந்ததும் கால் எழுந்துவிட்டது, தலை அதற்கப்புறம்தான் வந்தது. கோயில் காலியாகியிருந்தது. கோயில்பிள்ளை ஆசீர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தான். கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கேற்றுகிறவன், அவனும் கிழவன்தான், கால் கொஞ்சம் சாய்த்து நடப்பான். பீடத்துக்கு முன்னால் ஸ்டூல் மேல் தட்டு, அதில் மிச்சம் முப்பது நாற்பது அட்டை. "என்ன அண்ணாச்சி, எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?" என்றான். இல்லை, வந்து, என்று இழுத்தார். மேடையில் ஒரு நாளும் இழுத்ததில்லை. ஆசீர் அவர் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த அட்டையைப் பார்த்தான், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. "மிச்சத்த நான் ஆஸ்பத்திரி வார்டுல கொண்டு குடுக்கது வழக்கம். ஒண்ணு வேணும்னா எடுத்துக்கிடுங்க. யாரு பாக்கா? ஐயர் இட்லி திங்கப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குச் சாய்ந்து சாய்ந்து போனான். வேதமாணிக்கம் அட்டைகளை நிமிர்த்தினார். ஒவ்வொன்றாக வாசித்தார், புரூப் பார்க்கிற மாதிரி. சமாதானம், வேண்டாம். வழிநடத்துதல், அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வாள். செழிப்பு, இந்த உடம்புக்கு எதற்கு. கண்ணீரைத் துடைப்பது, ஐயோ வேண்டவே வேண்டாம். பதினேழாவதோ பதினெட்டாவதோ, பெலன். சோர்ந்துபோனவர்களுக்குப் புதுப்பெலன் தருவதாக ஒன்று. இதுதான். இதைக் கொடுத்தால் திங்கட்கிழமை காலை அவளே எழுந்து சேலை மாற்றி நிற்பாள். எடுத்து வலதுபையில் போட்டார். இடதுபையில் இளைப்பாறுதல்.

இந்தத் தடவை பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தார். இரண்டு பையிலும் இரண்டு அட்டை, எடையே இல்லாதது, ஆனாலும் நடை ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி இருந்தது. நல்ல காரியம்தானே. உயிரைக் காப்பாற்றுகிற காரியம். அவளுக்குத் தெரியப் போகிறதா. தெரியாது. அவருக்குத்தான் தெரியும். முன்பும் ஒரு தடவை அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதை நினைக்கக்கூடாது என்று எதிர்ப்பட்ட மெக்ரூன் பேக்கரியின் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார், பக்கத்து வீட்டில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வால்களை எண்ணினார், ஐந்து, ஆனாலும் அது வந்துவிட்டது. உப்பள வேலைநிறுத்தம், இருபத்திரண்டாம் நாள். கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை முறிந்தது. முறிந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, முதலாளிகள் வரவே இல்லை, காலி நாற்காலிகளோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு இவர் நேராக அச்சகத்துக்குப் போனார். கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டி முன்னால் நிற்கிறான். என்ன தோழர் போட? வெளியே முந்நூறு பேர் கஞ்சிக்கும் வழியில்லாமல் காத்திருக்கிறார்கள். உண்மையைப் போட்டால் சாயங்காலமே பாதிப்பேர் அளத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அவர் சொன்னார், போடு, முதலாளிகள் இறங்கி வருகிறார்கள், இன்னும் சில நாட்களே. கொட்டை எழுத்தில். பச்சைத் தாளில் அடித்தார்கள், வேறு தாள் இல்லை. சனம் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒரு கிழவி நிஜமாகவே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெங்கடேசபுரத்து ராக்கன் என்று ஒருவன், பாத்தியில் உப்பு வாருகிறவன், அவன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல். இன்னும் சில நாள்தானே, கூலி கைக்கு வரட்டும், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அந்தப் பச்சைத்தாளை அவளுக்கே வாசித்துக் காட்டினானாம். அதிலிருந்து எட்டாம் நாள் அவள் போய்விட்டாள். ஒன்பதாம் நாள் சங்கம் தோற்றது. புதைகுழி ஓரத்தில் நின்று இவர்தான் வீரவணக்கம் பேசினார், ராக்கன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். அதற்குப் பிறகும் எவ்வளவோ நோட்டீஸ் எழுதினார், ஆனால் சில நாட்களே என்ற சொல்லை எழுதியதில்லை.

அது வேறு, இது வேறு. அன்றைக்குப் பொய் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நிறுத்திவைத்தது. இன்றைக்குப் பொய் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ஆகவே இது நல்ல பொய். ஆகவே. எத்தனை ஆகவே போட்டிருக்கிறாய் மாணிக்கம் வாழ்க்கையில். அன்றைக்கும் ஒரு ஆகவே இருந்தது. அவளுக்கு நம்பிக்கையைக் கொடுக்கிறேன் என்கிறாய், உன்னிடம் இருக்கிறதா அது, இல்லாததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாய். அவளிடம் இருக்கிறது. அதுதான் அவருக்குப் பிடிபடாதது. நாற்பத்தாறு வருஷமாக அவளுடைய ஆண்டவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்? ஒன்றும் நடக்கவில்லை. புருஷன் மூன்று முறை ஜெயிலுக்குப் போனான், மூத்த பிள்ளை மஞ்சள் காமாலையில் போயிற்று, ஓட்டுவீடு ஓட்டுவீடாகவே இருந்தது. ஆனாலும் ஜனவரி முதல் தேதி புதுச்சீட்டு எடுத்து வருவாள், போன வருஷத்தது பலித்ததா என்று கணக்குக் கேட்காமல் அதன் மேலேயே ஒட்டுவாள். அவர் கேலி செய்வார். "ஏட்டி, உங்க ஆண்டவர் எந்த யூனியன்ட்டி?" அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வாள், "அவரும் தச்சு வேலை பாத்தவருதான். ஒழுங்காக் கூலி குடுத்திருப்பானுகளா என்ன? உங்க ஆளுதான் அவரு." அந்த வேலைநிறுத்தத்தின்போது மரவள்ளிக்கிழங்கை அவித்து ஐந்தாறு வீட்டுக்குப் பங்கு வைத்தாளே, அவருடைய பச்சைத்தாளைப் பார்த்தா வைத்தாள். அவள் வேறெதையோ பார்த்து வைத்தாள். அது என்னவென்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை, ஜன்னல் திறந்திருந்தும் சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்துவிட்டார். அந்த ஒன்றை அவளிடம் இருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் பச்சைத்தாளை வைக்கப் போகிறார். அவள் பிழைத்தாலும் எதைக் கொண்டு பிழைப்பாள், இவர் பொறுக்கியதைக் கொண்டு. இல்லாவிட்டால் ஐந்து மாதம். ஐந்து மாதம் என்றால் மே. மே மாதத்தில் அவள் மாங்காய் ஊறுகாய் போடுவாள். கடவுளே, என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தெருவில் யாரும் இல்லை. எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் ஞானப்பூ முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு, ஆனால் புதுச்சேலை கட்டியிருந்தாள். தானாகவே கட்டியிருக்கிறாள், கொசுவம் ஒரு பக்கம் ஏறியிருந்தது.

"என்ன, ஐயர் பிரசங்கத்த இழுத்துட்டாரோ?"

"இல்ல. நான்தான் நடந்து வந்தேன்."

"பஸ்ஸு வரலையா?"

"வந்துச்சு."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "தாங்க."

இரண்டு கையும் இரண்டு பைக்குள் இருந்தன. வலதுகை அட்டையின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. பெலன், கொடு, முட்டாளே, கொடுத்துவிடு, மே மாதம், மாங்காய், பச்சைத்தாள், ராக்கன் பிடித்த கை இதே கை. இடதுகைதான் வெளியே வந்தது. அவர் தரையைப் பார்த்தபடியே நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது, ஒன்று, இரண்டு. வாசித்து முடிக்க இவ்வளவு நேரமா ஆகும், இரண்டே வரி.

"நல்ல வசனம்" என்றாள் மெல்ல.

"ஞானப்பூ, இன்னொண்ணும் இருக்கு." வலதுகையையும் எடுத்துவிட்டார். "இது வந்ததில்ல. நானாப் பொறுக்குனது. இதப் பாத்ததும் பயந்துட்டேன். திரும்பிப் போயி, மிச்சம் கிடந்தத ஒண்ணொண்ணா வாசிச்சு, உனக்குத் தோதா ஒண்ண எடுத்துட்டு வந்தேன். உன்ன ஏமாத்தத்தான். முடியல."

அவள் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி அருகே போனார். சிரிக்கிறாள். சிரித்து, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். "நாப்பத்தாறு வருசத்துல ஒருக்கா கோயிலுக்கு அனுப்புனா, கள்ள ஓட்டுப் போட்டுட்டு வந்து நிக்கீகளே!"

"சிரிக்காதட்டி. மூச்சு முட்டும்."

"முட்டட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீல அட்டையை அவர் சட்டைப்பைக்குள் செருகினாள். "இது உங்களுக்கு. எடுத்த கைக்குத்தான் வசனம். நான் உங்கள அனுப்பும்போது அத யோசிக்கல. மூணு மாசமா நீங்க உறங்கியிருக்கீகளா? நான் முழிச்சுப் பாக்கும்போதெல்லாம் செவத்தப் பாத்து உக்காந்திருக்கீக. இளைப்பாற வேண்டியது யாருன்னு அவருக்குத் தெரியாதா?"

"அப்ப உனக்கு?"

"என் கை இன்னும் எடுக்கலையே. அதக் கவுத்திப் பிடிங்க."

புரிந்தது, ஆனாலும் கேட்டார். "ஒரே ஒரு அட்டைதானே இருக்கு. இதுல எடுக்கதுக்கு என்ன இருக்கு?"

"நீங்க பேசாம இருங்க. தட்டுல நூறு கிடந்தாலும் கைக்கு ஒண்ணுதான் வரும்."

அவர் உள்ளங்கையை விரித்து, அட்டையைக் கவிழ்த்து வைத்து, அவளுக்கு முன்னால் நீட்டினார். மேடையில் கொடியைப் பிடித்தபோதுகூடக் கையை இவ்வளவு ஆடாமல் பிடித்ததில்லை. ஞானப்பூ கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நீண்ட நேரம் அசைந்தது. பிறகு ஊசி ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன அந்தக் கை எழும்பி, காற்றில் தடவி, முதலில் அவர் மணிக்கட்டைத் தொட்டது, பிறகு விரலை, பிறகு அட்டையை. எடுத்தாள். வாசித்தாள். ஒரு தடவை வாசித்தாள், கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டி மறுபடி ஒரு தடவை வாசித்தாள், தான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததை வாசிக்கிற மாதிரி. அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் தெரியாதவரைப்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரச் சொன்னாவ?"

"ஏழரைக்கு."

"அப்ப ஆறு மணி வண்டியப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும்" என்றாள். பிறகு, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயைக் கண்ணால் காட்டினாள். "இப்பக் கொஞ்சம் படுங்க. நான் எழுப்புதேன்."